பேசுவார் அற்றார்க்குப் பேசும் இளைஞர்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதை என்றொரு பகுதி உண்டு. வழக்குரை காதை என்றொரு பகுதியும் உண்டு. முன்னதில், ஊருக்குப் புதியவளாகிய கண்ணகியைக் கவுந்தியடிகள் ஆயர்குல மூதாட்டியாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பின்னதில், கண்ணகி தன்னந்தனியளாய் அரசவை புகுந்து தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கிறாள். இவ்விரண்டிற்கும் இடையே கொலைக்களக் காதை அமைந்துள்ளது. கோவலனைக் கண்ட காவலருள் சிலர்க்கு, இவன் கள்வனாக இருக்க மாட்டான் என்னும் ஐயம் எழத்தான் செய்தது. ஆயினும் ஐயத்தை ஆராய்வதற்கு அங்கு அவை இல்லை. அவன் சார்பில் ஒரு சொல் உரைப்பாரும் இல்லை. உயிர் போன பின்னரே உண்மை அவையேறிற்று.

இப்பகுதியை நாம் வகுப்பில் நடத்திய நாளொன்றில் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, கோவலனுக்காகப் பேச அந்த இடத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால் இந்தக் காப்பியமே நடந்திராது அல்லவா?” என்று வினவினார். வகுப்பு நகைத்தது; நாமும் நகைத்தோம். வீடு திரும்பிய பின்னர் அவ்வினா நம்மை விடவில்லை. வழக்கு உண்மையாயிருத்தல் ஒன்று; அவ்வுண்மை உரிய காலத்தில், உரிய அவையில், உரிய சொற்களில் உரைக்கப்படுதல் வேறொன்று. இரண்டாவது வாய்க்காவிடில் முதலாவதால் பயன் யாது?

இவ்வினாவிற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டக் கல்லூரி மாணவர்கள் பல்லாண்டுகளாகத் தம் உழைப்பால் விடை எழுதி வருகின்றனர். அடைக்கலம் கோரி அந்நாட்டு வாயிலில் நிற்கும் ஏதிலியர்க்காக, ஊதியம் பெறாது வழக்காடும் வழக்குரைஞர்களுக்கு அவர்கள் துணை நிற்கின்றனர். அப்பணியின் இயல்பையும் அதன் பெருமையையும் எல்லையையும், அதனின்று மொழித்துறையினராகிய நாம் கொள்ளத்தக்கதையும் இக்கட்டுரையில் எண்ணிப் பார்ப்போம்.

அடைக்கலச் சட்டமும் அதன் இடைவெளியும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1951ஆம் ஆண்டில் ஏதிலியர் நிலை குறித்த பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையை அமெரிக்கா 1968இல் ஏற்றது. 1980ஆம் ஆண்டின் ஏதிலியர் சட்டம் அதனை உள்நாட்டுச் சட்டமாக்கிற்று. இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் காரணமாகத் தாயகத்தில் துன்புறுத்தப்படுவோம் என்னும் தக்க அடிப்படையுள்ள அச்சம் உடையவர் அடைக்கலம் கோரலாம். துன்பம் நேர்வதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பே இருப்பினும், அவ்வச்சம் தக்க அடிப்படை உடையதாகலாம் என்பது 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கார்டோசா ஃபொன்செகா வழக்கில் வகுத்த நெறி.

ஏட்டளவில் இவை சிறப்புடையனவே. நடைமுறையில் ஓர் இடைவெளி உண்டு. கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்குரைஞரை அமர்த்தித் தரல் வேண்டுமென 1963இல் கிடியன் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயின் அடைக்கல வழக்கு குற்றவழக்கு அன்று. அது குடியேற்றம் சார்ந்த உரிமையியல் வழக்கு எனக் கொள்ளப்படுகிறது. எனவே குடியேற்ற நீதிமன்றத்தில் நிற்பவர் வழக்குரைஞர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அரசுக்குச் செலவு கூடாது என்பது பொதுவிதி. களவு செய்தான் எனப் பிடிபட்டவனுக்கு வழக்குரைஞர் உண்டு. கொலைக்கு அஞ்சி ஓடிவந்தவனுக்கு இல்லை. குழந்தைக்கும் இவ்விதியே. எதிர்ப்பக்கத்தில் அரசின் வழக்குரைஞர் ஆண்டுக்கணக்கில் பழகிய சட்ட அறிவுடன் அமர்ந்திருப்பார். இப்பக்கத்தில் மொழி அறியாத ஒருவர், மொழிபெயர்ப்பாளர் வாயை நோக்கியவாறு நிற்பார். நடுவே இருக்கும் நீதிபதியும் தன்னுரிமை பெற்ற நீதித்துறையைச் சார்ந்தவர் அல்லர். நீதி அமைச்சகத்தின் கீழ்ப் பணிபுரிபவர்.

இந்த ஏற்றத்தாழ்வின் விளைவை ஓர் ஆய்வு எண்களால் காட்டிற்று. மூன்று சட்டப் பேராசிரியர்கள் 2007இல் வெளியிட்ட அவ்வாய்வின்படி, குடியேற்ற நீதிமன்றங்களில் வழக்குரைஞர் துணை பெற்றோருள் நூற்றுக்கு 45.6 பேர் அடைக்கலம் பெற்றனர், துணையற்றோருள் 16.3 பேரே பெற்றனர். வலுவுள்ள வழக்குகளையே வழக்குரைஞர்கள் தேர்ந்துகொள்வதும் இவ்வேறுபாட்டிற்கு ஓரளவு காரணமாகலாம். எனினும் மும்மடங்கை நெருங்கும் வேறுபாட்டை அஃதொன்றே விளக்கிவிடாது. மயாமி நகர நீதிமன்றத்தில் கொலம்பிய நாட்டவரின் வழக்குகளை ஒரு நீதிபதி நூற்றுக்கு 5 அளவிலும் மற்றொரு நீதிபதி நூற்றுக்கு 88 அளவிலும் ஏற்றனர் என்றும் அவ்வாய்வு கூறியது. ஒரே கட்டடம், ஒரே சட்டம், ஒரே நாட்டு மக்கள். ஆய்வாளருள் இருவர் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கொண்டே அடைக்கல வழக்குகளை நடத்தும் மையத்தைச் சேர்ந்தவர்கள் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

மாணவர் செய்யும் பணி

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இத்தகைய மையத்தைக் ‘கிளினிக்’ என்றே வழங்குவர். மருத்துவ மாணவன் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பது போலச் சட்ட மாணவன் வழக்குக்குரியவர் அருகே அமர்ந்து கற்க வேண்டும் என்பது அப்பெயரின் கருத்து. பேராசிரியரோ உரிமம் பெற்ற வழக்குரைஞரோ மேற்பார்வை செய்ய, கைம்மாறு எதுவும் பெறாமல், நீதிபதியின் இசைவுடன் சட்ட மாணவர் குடியேற்ற நீதிமன்றத்தில் தோன்றலாம் என விதிகளே இடமளிக்கின்றன.

அவர்தம் பணியுள் தலையாயது கேட்டல். அடைக்கலம் கோருவோர் தம் வாழ்வில் நேர்ந்ததைப் பிரமாண வாக்குமூலமாகத் தருதல் வேண்டும். அஃது ஓர் அமர்வில் எழுதி முடிக்கக் கூடியதன்று. சிறைக்கொட்டடியில் பட்ட அடியை, மகளின் கண்முன் நேர்ந்த மானக்கேட்டை, முன்பின் அறியாத இளைஞர் ஒருவரிடம் எவரும் முதல்நாளே சொல்லிவிடமாட்டார். மாணவர் மீண்டும் மீண்டும் சென்று அமர்கின்றனர். முதல் நாளில் ஊர்ப்பெயரும் உறவினர் பெயரும். பின்னொரு நாளில் ஓடிவந்த வழி. அதற்கும் பின்னரே உண்மையான காரணம். அழுகை வந்தால் எழுதுகோலைக் கீழே வைத்துவிடக் கற்க வேண்டும். எப்போது மீண்டும் எடுப்பதென்றும் கற்க வேண்டும்.

அடுத்தது ஒத்துப்பார்த்தல். 2005ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, வழக்கின் மையத்தைத் தொடாத சிறு முரண்பாட்டைக்கூடக் காரணமாகக் கொண்டு ஒருவரை நம்பத்தகாதவர் என நீதிபதி முடிவு செய்யலாம். எத்தியோப்பிய நாட்காட்டிக்குப் பதின்மூன்று மாதங்கள். அதன் ஆண்டெண் நாம் வழங்கும் ஆண்டெண்ணுக்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கி நிற்கும். ஆப்கானியர் வழங்குவது வேறொரு நாட்காட்டி. கைதான நாளைத் தம் கணக்கில் ஒருவர் சொல்ல, அது தவறாக மாற்றி எழுதப்படின், மெய்யே பொய்யாகிவிடும். மாணவர் இருவகை நாட்காட்டிகளையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு நாளெண்ணி எழுதுகின்றனர்.

உறவுச் சொற்களின் இடர்ப்பாட்டைத் தமிழராகிய நாம் எளிதில் உணரலாம். பெரியப்பா மகனையும் நாம் ‘அண்ணன்’ என்றே அழைக்கிறோம். உடன்பிறந்தோர் பட்டியலை விண்ணப்பப் படிவம் கேட்கிறது. ‘உடன்பிறந்தோர் இருவர்’ எனப் படிவத்தில் எழுதிய ஒருவர், விசாரணையில் ‘என் அண்ணனைக் கொன்றார்கள்’ என்று மூன்றாம் ஒருவர் பெயரைச் சொன்னால், ஆங்கிலத்தில் அது முரண்பாடாகவே தோன்றும். அவர் பொய் கூறவில்லை. அவருடைய மொழி வேறு வகையாய் உறவை வகுத்துள்ளது, அவ்வளவே. இதனை வேளையோடு கண்டு ஓர் அடிக்குறிப்பு எழுதும் மாணவர் ஓர் உயிரைக் காத்தவராதலும் கூடும்.

இவற்றோடு, அந்தந்த நாட்டு நிலைமையைக் காட்டும் அறிக்கைகளையும் செய்திகளையும் திரட்டுதல், உடலிலும் உள்ளத்திலும் உள்ள வடுக்களுக்கு மருத்துவச் சான்று பெறுதல், தாய்மொழி ஆவணங்களை ஆங்கிலமாக்கி உறுதிச்சான்று இணைத்தல், விசாரணைக்கு முன் குறுக்கு வினாக்களைத் தாமே தொடுத்துப் பழக்குதல் ஆகியனவும் மாணவர் பணிகளே. நாட்டிற்குள் வந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பொதுவிதி. ஆகவே இவையனைத்தும் காலத்தோடு நடைபெறும் ஓட்டப்பந்தயமாகவும் அமைகின்றன. 2014ஆம் ஆண்டின் இறுதியில் டெக்சாஸ் மாநிலத்து டில்லி என்னும் சிற்றூரில் தாயரையும் சேய்களையும் அடைத்து வைக்க 2,400 பேர் கொள்ளும் முகாம் திறக்கப்பட்டபோது, தொண்டு வழக்குரைஞர்களுடன் மாணவர் குழுக்களும் விடுமுறை வாரங்களில் அங்குச் சென்று, முதல் நேர்காணலுக்குத் தாய்மாரை ஆயத்தம் செய்தன.

இரண்டு வழக்குகள்

இப்பணியின் வரலாற்றில் இரு வழக்குகள் நினைவில் நிறுத்தத்தக்கவை.

ஹெய்ட்டி நாட்டில் 1991 செப்டம்பர் இறுதியில் குடியரசுத் தலைவர் அரிஸ்டைடின் ஆட்சியைப் படையினர் கவிழ்த்தனர். படகேறித் தப்பிய மக்களை அமெரிக்கக் கடலோரக் காவற்படை மறித்துக் குவாண்டனாமோ தளத்திற்குக் கொண்டுசென்றது. அடைக்கலம் கோருவதற்குரிய அச்சம் உடையவர் என ஏற்கப்பட்ட பின்னரும், எய்ட்ஸ் நோய்க்கிருமி இருந்ததைக் காரணம் காட்டி, ஏறத்தாழ 300 பேர் முள்வேலிக்குள்ளேயே நிறுத்தி வைக்கப்பட்டனர். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரல்ட் கோவும் அவர்தம் மாணவர்களும், வழக்குரைஞர் மைக்கேல் ராட்னருடன் இணைந்து 1992 மார்ச்சில் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். கோவின் தந்தையார், 1961இல் கொரியாவில் நிகழ்ந்த படைப்புரட்சிக்குப் பின் அமெரிக்காவில் அடைக்கலம் பெற்ற தூதுவர். பெற்ற அடைக்கலத்தை மகன் திருப்பிச் செலுத்தினார் எனலாம்.

வழக்கு இரு கிளைகளாயிற்று. கடலில் மறித்து நேரே தாயகத்திற்குத் திருப்பியனுப்பும் ஆணையை எதிர்த்த கிளை, 1993 ஜூன் 21இல் உச்ச நீதிமன்றத்தில் எட்டுக்கு ஒன்றாகத் தோற்றது. முகாமை எதிர்த்த கிளை, அதற்குச் சில நாட்கள் முன்னதாக ஜூன் 8இல் வென்றது. அடைபட்டோர் அமெரிக்க மண்ணை மிதித்தனர். அத்தீர்ப்பும் பிற்கால வழக்குகளுக்கு முன்னோடியாக நில்லாதவாறு இணக்க ஏற்பாட்டின் வழியே விலக்கப்பட்டது. வென்றும் தோற்ற வழக்கு. தோற்றும் வென்ற வழக்கு. மாணவர்க்கு இதனினும் பெரிய பாடத்தை எந்த நூல் தரும்?

இரண்டாவது வழக்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டைச் சேர்ந்த ஃபௌஸியா கசிண்ட்ஜா என்னும் முஸ்லிம் இளம்பெண்ணைப் பற்றியது. அவருடைய குலத்தில் மணத்திற்கு முன் பெண்ணுறுப்பைச் சிதைக்கும் வழக்கம் இருந்தது. இவ்வழக்கம் ஒரு சமயத்திற்கே உரியதன்று. ஆப்பிரிக்காவில் பல சமயத்தாரிடையேயும் காணப்படுவது. ஃபௌஸியாவின் தந்தையார் அதனை எதிர்த்துத் தம் மகளிரைக் காத்தவர். அவர் மறைந்த பின் அத்தையின் பொறுப்பில் வந்த பெண்ணின் படிப்பு நிறுத்தப்பட்டது. பதினேழாம் வயதில், முன்னரே மனைவியர் மூவரை உடைய நாற்பத்தைந்து வயதினருக்கு அவரை மணமுடிக்க ஏற்பாடாயிற்று. தமக்கையின் துணையால் தப்பி, கானா, ஜெர்மனி வழியே 1994 டிசம்பரில் நியூவார்க் வானூர்தி நிலையத்தில் இறங்கினார். தம் கையில் உள்ள கடவுச்சீட்டு தம்முடையதன்று எனத் தாமே கூறி அடைக்கலம் கோரினார். கிடைத்தது சிறை. அதிகாரிகள் அவர் பெயரைக்கூடப் பிழைபட ‘கசிங்கா’ என எழுதினர். சட்ட நூல்களில் இன்றளவும் அவ்வழக்கு அப்பிழைப் பெயராலேயே வழங்குகிறது. பெயரையே சரியாகக் கேளாத அமைப்பு கதையை எங்ஙனம் சரியாகக் கேட்கும்?

ஒரு வழக்குரைஞரிடம் உதவியாளராயிருந்த லைலி மில்லர் பஷீர் என்னும் சட்ட மாணவி அவ்வழக்கைக் கையிலெடுத்தார். பெண்ணுறுப்புச் சிதைப்பையும் அடைக்கலச் சட்டத்தையும் இணைத்துக் கல்லூரியில் முன்னரே கட்டுரை எழுதியவர் அவர். 1995 ஆகஸ்டில் குடியேற்ற நீதிபதி ஃபௌஸியாவின் கூற்றை நம்ப மறுத்து வழக்கைத் தள்ளினார். மாணவி ஓயவில்லை, பேராசிரியர் கேரன் முசாலோவை அணுகினார். அவரும் அவர்தம் மாணவர்களும் மேல்முறையீட்டை நடத்தினர். ஓராண்டுக்கு மேல் சிறையிருந்த ஃபௌஸியா 1996 ஏப்ரலில் விடுதலையானார். ஜூன் 13இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் பதினொருவர் இசைவுடன் அடைக்கலம் வழங்கிற்று. பெண்ணுறுப்புச் சிதைப்பும் அடைக்கலத்திற்குரிய துன்புறுத்தலே என்னும் நெறி அன்று நிலைபெற்றது. கல்லூரிக் கட்டுரை ஒன்று எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. நம் மாணவர்கள் பயிற்சிக் கட்டுரைகளை மதிப்பெண் பெற்றதும் பழைய தாள்காரரிடம் எடை போடுகிறார்கள் என்பதையும் உடன் எண்ணிப் பார்க்கிறோம்.

எழும் தடைகளும் விடைகளும்

இங்கு மூன்று தடைகள் எழக்கூடும். உயிர் சார்ந்த வழக்கை அனுபவமற்ற இளைஞர் கையில் ஒப்படைக்கலாமா என்பது முதல் தடை. அனுபவம் மிக்க வழக்குரைஞர் ஒருவரும், அனுபவமற்ற மாணவர் ஒருவரும் அருகருகே நின்றால் எவரைத் தேர்வது என்பதன்று அங்குள்ள வினா. மாணவர் ஒருவரும், ஒருவருமே இன்மையும் அருகருகே நிற்கின்றன. அன்றியும், நூறு வழக்குகளைச் சுமக்கும் வழக்குரைஞர் ஒருவரால் ஒரு வாக்குமூலத்திற்குத் தர இயலாத பொழுதை, ஒரு பருவம் முழுதும் ஓரிரு வழக்கை மட்டுமே ஏந்தும் மாணவர் தருகின்றார். மேற்பார்வை இல்லாத மாணவர்பணி தீங்கே. அதனை விதிகளும் ஒப்பவில்லை.

பொய்வழக்குகளுக்கு மாணவர் துணை போக மாட்டார்களா என்பது இரண்டாம் தடை. பொய் உரைப்போர் எல்லா நீதிமன்றங்களிலும் உளர். ஆயின் ஆண்டையும் நாளையும் சான்றையும் பலகாலும் ஒத்துப்பார்க்கும் பணி பொய்க்குத் துணையாவதைக் காட்டிலும் பகையாவதே மிகுதி. வழக்கிற்கு வலுவில்லை என்றால் அதனை உரியவரிடம் நேரே சொல்வதும் அப்பயிற்சியின் ஒரு கூறு.

மூன்றாம் தடையே வன்மையுடையது. அரசு செய்ய வேண்டியதை மாணவர் இலவசமாகச் செய்துவிட்டால், அரசின் கடமை மறைந்து போகாதா? இத்தடையை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. தொண்டு, உரிமைக்கு ஈடாகாது. டில்லி போன்ற தொலைவிடத்திற்குத் தொண்டர் வந்த வாரத்தில் ஒருவர் காக்கப்படுவார். வாராத வாரத்தில் மற்றொருவர் திருப்பி அனுப்பப்படுவார். நீதி வாரத்தைப் பொறுத்ததாக இருத்தலாகாது. எனவே ஏழை ஏதிலியர்க்கு அரசுச் செலவில் வழக்குரைஞர் வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் அவ்வுரிமை வரும்வரை வாயிலில் நிற்பவரைக் காத்திருக்கச் சொல்ல இயலுமா? அந்த உரிமை இன்மையின் கொடுமையை நேரிற் கண்ட மாணவர்களே நாளை அதனைக் கேட்டுப் பெறும் வழக்குரைஞர்களாகவும், வழங்கும் நீதிபதிகளாகவும் வருவர் என்பதையும் மறத்தல் ஆகாது.

பேசுவார் இல்லாத வழக்கு

நம் மொழி பேசும் ஒருவரின் வழக்கே இதற்குச் சான்று. இலங்கைத் தமிழரான துரைசிங்கம் என்பார் 2017 பிப்ரவரியில் மெக்சிகோ எல்லையைக் கடந்து சில கஜ தொலைவிலேயே பிடிபட்டார். 1996ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விரைவு வெளியேற்ற முறையின்கீழ் அவரை அதிகாரி ஒருவர் நேர்கண்டார். தம்மைச் சிலர் கடத்திச் சென்று கடுமையாக அடித்ததை அவர் கூறினார். அடிபட்டதை அதிகாரி நம்பினார். அடித்தவர் யார், எதற்காக அடித்தனர் என்பதை அவரால் கூற இயலவில்லை. ஆகவே ஐந்து காரணங்களுள் ஒன்றனோடும் அத்துன்பம் பொருந்தவில்லை என்று கோரிக்கை தள்ளப்பட்டது. தமிழராயிருத்தலும் தமிழர் சார்பான அரசியற் கருத்துமே தம் அச்சத்திற்குக் காரணம் என்பது, பின்னர் வழக்குரைஞர் வழியே நீதிமன்றத்தில் அளித்த மனுவில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. நேர்காணலின் முடிவை நீதிமன்றம் ஆராய வேண்டும் என்ற அவர் கோரிக்கையை, 2020 ஜூன் 25இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்னும் கணக்கில் மறுத்தது.

இவ்வழக்கின் சட்ட நுணுக்கங்களை ஆராய்தல் நம் நோக்கமன்று. ஆனால் இதைப் படித்தபோது பின்வரிசை மாணவரின் வினாவே நம் செவியில் ஒலித்தது. அந்நேர்காணலுக்கு முன்பு ஒரு மாலைப்பொழுது, தமிழ் அறிந்த ஒருவரும் சட்டம் பயிலும் ஒருவரும் அவர் அருகே அமர்ந்து, ‘உங்கள் ஊரில் இவ்வாறு கடத்தப்பட்டவர் வேறு யார்? அவர்கள் எத்தகையோர்? நீங்கள் எவர்க்காக வாக்குக் கேட்டீர்கள்?’ என்று பொறுமையாய் வினவியிருந்தால், அம்மனுவில் பின்னர் வந்தது முன்னரே வந்திருக்கக் கூடும். முடிவு மாறியிருக்குமா என்பதை இறைவனே அறிவான். கேட்கப்படாத வினாவிற்கு விடை இல்லை என்பதை மட்டும் நாம் அறிவோம்.

நமக்குரிய பாடம்

அடைக்கல விசாரணை இக்காலத்தின் புதுமையன்று. கி.பி. 615ஆம் ஆண்டளவில் மக்கத்துக் கொடுமை தாளாது முஸ்லிம்களின் ஒரு குழுவினர் கடல் கடந்து அபிசீனிய நாட்டில் ஒதுங்கினர். அவர்களைத் திருப்பியனுப்புமாறு குறைஷியர் இரு தூதுவரைப் பரிசுப் பொருள்களுடன் அனுப்பினர். கிறிஸ்தவ மன்னராகிய நஜாஷி, ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவு செய்ய மறுத்து, அடைக்கலம் புகுந்தோரையும் அவைக்கு அழைத்தார். அவர்கள் சார்பில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் எழுந்து பேசினார். பரிசுகள் திருப்பியளிக்கப்பட்டன, அடைக்கலம் நிலைத்தது. கேட்கும் செவி உடைய மன்னரும், சொல்லத் தெரிந்த இளைஞரும் ஒருங்கே வாய்த்த அவை அது. மதுரை அவையில் வாய்க்காதது அங்கே வாய்த்தது.

பிறநாட்டின் குறையைப் பேசும்போது நம் நாட்டின் குறையையும் ஒப்புக்கொள்ளல் நேர்மை. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அடைக்கலத்திற்கெனத் தனிச்சட்டமும் இங்கில்லை. 1983 முதல் இலங்கைத் தமிழரை ஏற்ற தமிழ்நாட்டில், அவர்தம் நிலை அருளால் நின்றதேயன்றி உரிமையால் நின்றதன்று. இது சட்டம் இயற்றுவோர் கவனத்திற்குரியது.

நம் கவனத்திற்குரியது வேறொன்று. மேலே கூறிய மாணவர்பணியில் பெரும்பகுதி சட்டப்பணி அன்று, மொழிப்பணி. கேட்டல், குறித்தல், ஒழுங்குபடுத்தல், ஒரு மொழியின் உறவுச்சொல்லை மற்றொரு மொழியில் பொருள் கெடாமல் பெயர்த்தல், பேசுவார் சொல்லைத் தன் சொல்லால் அழகுபடுத்திக் கெடுக்காதிருத்தல். இவை தமிழ்த்துறை மாணவர்க்குரிய பயிற்சிகளே. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் பெண்டிர்க்கும் பட்டியல் இனத்தார்க்கும் காவலில் உள்ளோர்க்கும் இன்ன பிறர்க்கும் இலவச சட்ட உதவி உண்டு. ஆயின் தன் குறையை நான்கு வரியில் எழுதத் தெரியாமல் அவ்வுதவியின் வாயிலுக்கே செல்லாதோர் பலர். நீதிமன்ற வளாகத்தில் மனு எழுதுவோரிடம் பணம் கொடுத்துத் தம் துயரை வேறு யாரோ ஒருவரின் சொற்களில் எழுதிப் பெறும் முதியோரை நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே நாம் முன்வைப்பது சிறிய வேண்டுகோள். மொழிபெயர்ப்புத் தாளில் செய்தித்தாள் பத்தியைக் கொடுத்து மதிப்பெண் இடுவதோடு நில்லாமல், மெய்யான ஒருவரின் வாய்மொழியைக் கேட்டு எழுதி, அவரிடமே படித்துக்காட்டி, அவர் ‘ஆம், இதுவே நான் சொன்னது’ என்று ஒப்பும்வரை திருத்தும் பயிற்சியைப் பாடத்தில் சேர்க்கலாம். அருகிலுள்ள சட்டக் கல்லூரி மாணவருடன் இணைந்து, தக்க வழக்குரைஞரின் மேற்பார்வையில், மாதம் ஒரு நாளேனும் மனு எழுத உதவலாம். கல்லூரியை நிறுவிய பெரியோர்கள் கட்டடத்திற்கும் நூலகத்திற்கும் வாரி வழங்கினர். இதற்கு அவர்கள் ஓர் அறையும் சில நாற்காலிகளும் தந்தால் போதும். எஞ்சியவை ஆசிரியர் பொறுமையும் மாணவர் செவியும்.

பின்வரிசையில் எழுந்து வினவிய அம்மாணவர் தேர்ச்சி பெற்றுச் சென்றுவிட்டார். அன்று நாம் அவருக்குத் தக்க விடை தரவில்லை. மணி அடித்ததும் அடுத்த காதைக்குச் சென்றுவிட்டோம். இன்று இம்மலரின் வழியே அவருக்குச் சொல்கிறோம்: ஆம் தம்பி, ஒருவர் இருந்திருந்தால் அந்தக் காப்பியம் நடந்திராது. மதுரை எரிந்திராது. நமக்குப் படிக்க ஒரு காப்பியம் குறைந்திருக்கும். அதனால் தமிழுக்கு இழப்பே. ஆயினும் கோவலன் தன் வீடு திரும்பியிருப்பான்.